தவணைக்குள் மீட்கப்படாத அடைவு

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

அன்பும் மரியாதையும் கலந்த மர்சூக் மச்சானுக்கு, உங்கள் தங்கை ஜுனைதாவைக் கைப்பிடித்த நாள் முதல் உங்கள் சொல்லைத் தட்டாத அபுல் ஹஸன், அஸ்ஸலாமு அலைக்கும் கூறி எழுதிக்கொள்வது.

நாங்கள் எல்லோரும் இங்கே அல்லாஹ்வின் காவலில் நலம். இந்த வரியை எழுதும்போது ஜுனைதா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆரு நலம்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். ஆகவே மேற்படி நலத்தைக் கடித மரியாதைக்காக எழுதப்பட்டதாகக் கொள்ளவும். உங்கள் நலத்துக்கும், மதினியின் முழங்காலுக்கும், திருகோணமலையில் உங்கள் கல்விக் கந்தோரின் மின்விசிறிக்கும் துஆ செய்கிறோம். அந்த மின்விசிறி நின்றுபோன ஒரு மத்தியானத்தில்தான் நீங்கள் அந்தச் சொல்லைப் போட்டிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எந்தச் சொல் என்று அவசரப்பட வேண்டாம், அதற்குத்தான் வருகிறேன்.

போனில் சொல்லலாமே என்பீர்கள். எடுத்தேன். எடுத்த போதெல்லாம் "மச்சான், கூட்டத்தில இரிக்கன், மறுகா எடுக்கன்" என்று வைத்துவிட்டீர்கள். அந்த மறுகா இன்னும் வரவில்லை. கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, வைத்தாலும் அது மேசையில் கிடந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்குக் கோபமில்லை மச்சான். கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். ஆணி, கம்பி, சீமெந்து என்று ஹாட்வெயார் கடையில் காலை முதல் நின்றுவிட்டு வருகிறவனிடம் மிஞ்சுவது களைப்பு ஒன்றுதான். அந்தக் களைப்போடு எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

சென்ற பெருநாளைக்கு வந்திருந்தபோது, மாகாணத்தில் பாடசாலைகளுக்கு ஒரு புதிய நியதிச்சட்டம் வரப்போகிறது, அதன் நகலைத் தமிழாக்கியவன் நான்தான் என்று வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டே பெருமையாகச் சொன்னீர்கள். ஒவ்வொரு தரத்துப் பிள்ளைக்கும் இன்ன இன்னது தெரிந்திருக்க வேண்டும் என்று மாகாணம் ஓர் அளவு வைக்கும், தவணைக்குத் தவணை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பரீட்சை வைத்து அந்த அளவுக்கு வந்துவிட்டார்களா என்று பார்க்கும், வராத பிள்ளையின் பெயர் அறிவித்தல் பலகையில் ஏறும் என்று விளக்கினீர்கள். மாகாண சபையே கூடாத காலத்தில் சட்டம் எங்கிருந்து மச்சான் வருகிறது என்று கேட்டேன். "இது நகல். நகலுக்குச் சபை தேவல்ல. சில பள்ளிக்கூடத்தில பரீட்சார்த்தமாச் செஞ்சி பாக்கப் போறம்" என்றீர்கள். பரீட்சைக்கே ஒரு பரீட்சையா என்று நினைத்துக்கொண்டேன். விருந்தாளியிடம் அதற்கு மேல் கேட்கக் கூடாது. அந்தச் சில பள்ளிக்கூடங்களில் ஒன்று எங்கள் மகள் அப்னாவின் பள்ளிக்கூடமாக இருக்கும் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது சொல்லுக்கு வருகிறேன். உங்கள் ஆங்கில நகலில் என்ன இருந்ததோ, அதற்கு நீங்கள் "அடைவு" என்று போட்டீர்கள். பிள்ளை படித்து எட்டிய அளவு "அடைவு மட்டம்". நல்லது. அகராதியில் அப்படித்தான் இருக்கும். ஆனால் நீங்களும் இந்த ஊரில் பிறந்தவர்தானே மச்சான்? எங்கள் ஊரில் அடைவு என்றால் கழுத்தில் கிடந்தது அடகுக் கடைக்குப் போவது. காப்பைக் கொடுத்து ரசீதுத் துண்டை வாங்கிக்கொண்டு முந்தானையில் முடிந்துகொண்டு வருவது. அதைத் தவணைக்குள் மீட்காவிட்டால் ஏலம். இது கல்முனை பஸாரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் தெரியும். தெரிந்துகொண்டே நீங்கள் எழுதி, அதிபர் கையெழுத்து வைத்து, வகுப்பு வட்ஸ்அப்பில் வந்த அறிவித்தலைக் கீழே அப்படியே தருகிறேன். நீங்களே உங்கள் தங்கையின் கண்ணால் ஒரு தரம் வாசித்துப் பாருங்கள்.

"பெற்றோர் கவனத்திற்கு. பிள்ளையின் அடைவு தொடர்பில் பெற்றோரே பொறுப்புக்கூற வேண்டியவர்களாவர். அடைவுகள் தவணைதோறும் மதிப்பிடப்படும். தவணைக்குள் மீட்கப்படாத அடைவுகள் பற்றிய விபரம் பெயருடன் அறிவித்தல் பலகையில் காட்சிப்படுத்தப்படும். அடைவு மீட்புத் திட்டம் முற்றிலும் இலவசமானது."

இது வந்தபோது நான் மக்கீன் மேசனுக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். என்ன செய்தி என்று அவர் கேட்டார். நானும் புத்தியில்லாமல் சத்தமாக வாசித்தேன். "மீட்புத் திட்டம் இலவசமா?" என்றார். "இலவசமெண்டுதான் போட்டிரிக்கி" என்றேன். "அல்லாஹ்வே! அரசாங்கமா மீட்டுத் தரப் போகுது?" என்று ஆணியையும் விட்டுவிட்டு மனிதர் சைக்கிளில் ஏறிப் போனார். கூரை போடும்போது அவர் மனைவியின் காப்பு அடைவுக்குப் போன கதை அப்போது எனக்குத் தெரியாது. அஸர் தொழுகைக்கு முன்னம், கல்முனையில் அடைவு கடை வைத்திருக்கும் அழகரெத்தினம் போன் எடுத்தார். என் கடையில் பெயின்ட் வாங்குகிறவர், மெதுவாகக் கதைக்கிற மனிதர். அன்றைக்கு எடுத்ததுமே கத்தினார். "ஹஸன் நானா, என்ன இது? சனம் துண்டும் கையுமா வாசல்ல நிக்கிது. அரசாங்கம் கட்டுமாம், நகையத் தரட்டாம். ஆரு சொன்ன எண்டு கேட்டா உங்கட கடையச் சொல்லுதுகள்." நான் வாசித்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து அவர் பெயின்டும் வாங்குவதில்லை.

அந்த அறிவித்தல் ஜுனைதாவின் போனுக்கும் வந்திருக்கிறது. அன்றைய சோற்றில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது, கறியில் விழவேயில்லை. நான் இரண்டையும் குழைத்துச் சாப்பிட்டேன். அவள் சுவரைப் பார்த்தபடி, "பேர் போடுவாங்களா?" என்று கேட்டாள். ஓம், போட்டிருக்கிறதே என்றேன். "முழுப் பேருமா? இல்லாட்டி இன்னார்ர பொஞ்சாதி எண்டு போடுவாங்களா?" பிள்ளையின் பெயரைத்தானே போடுவார்கள், இதில் பொஞ்சாதி எங்கே வந்தாள் என்று கேட்டேன். "ஒண்டுமில்ல, நீங்க சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டேன். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

பிறகு பெற்றோர் கூட்டம். மண்டபத்தில் நுழைந்ததும் கரன்ட் போய்விட்டது. படம் காட்டக் கொண்டுவந்த பெட்டி அதோடு சரி. அதிபர் முஹ்ஸின் சேர் உங்கள் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வியர்க்க வியர்க்க வாசித்தார். அவர் வாசிக்கத் தொடங்கியதும் வாசலால் அழகரெத்தினம் வந்தார். அவருக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை இல்லை, திட்டம் என்னவென்று கேட்டுப் போக வந்திருக்கிறார். அவரைக் கண்டதும் பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. ஏறக்குறைய எல்லோரும் ஒரே நேரத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். சிலர் குனிந்து செருப்பைத் தேடினார்கள். ஒரு ஆலிம் வந்தால்கூட எங்கள் ஊரில் இவ்வளவு மரியாதை கிடையாது. அந்த மனிதர் ஒருவரையும் பார்க்காமல் வந்து என் பக்கத்துக் கதிரையில் அமர்ந்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏன் கூரையைப் பார்க்கிறார் என்றும் எனக்கு விளங்கவில்லை.

அதிபர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "போன தவணையப் பாத்தா, தரம் அஞ்சில மட்டும் பாதிப் பேர்ர அடைவு கவலைக்கிடமா இரிக்கி. ஆராருடையது எண்டு எனக்குத் தெரியும். இப்ப பேர் சொல்ல விரும்பல்ல" என்றார். அந்த நேரம் பார்த்து உங்கள் தங்கை எழுந்து நின்றாள்.

"சேர், பேரச் சொல்லிராதீங்க. பலகையிலயும் போட்டிராதீங்க. இந்தத் தவணைக்குள்ள எப்படியும் மீட்டிருவன். அட்டியல் மட்டுந்தான் சேர். காப்ப நான் தொடல்ல, வேணுமெண்டா அவரக் கேளுங்க" என்று அழகரெத்தினத்தைக் காட்டினாள்.

மச்சான், அந்த அட்டியல் எதுவென்று உங்களுக்குத் தெரியும். முதல் நியமனம் கிடைத்துப் பொலன்னறுவைப் பக்கத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி உங்கள் தங்கைக்கு நீங்கள் செய்து போட்டது. கொளுக்கி உடைந்துவிட்டது, பத்தரிடம் கொடுத்திருக்கிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். பத்தர் என்ன இப்படி இழுத்தடிக்கிறார் என்று நானும் அவரைத் தெருவில் காணும் போதெல்லாம் முறைத்துக்கொண்டு போனேன். அவரும் பாவம், ஸலாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

அதிபர் வாயைத் திறந்தபடி நின்றார். அதற்குள் பின்வரிசையிலிருந்து நுஸ்ரத் என்ற பெண் எழுந்தாள். "எனக்கும் ஒரு தவணை தாங்க சேர். மகன்ட பின்னேரக் கிளாசுக்குத்தான் வெச்ச. வேற ஒண்டுக்குமில்ல." அவளுக்குப் பக்கத்திலிருந்தவள், "என்டதும் கிளாசுக்குத்தான்" என்றாள். ஒருத்தி சனிக்கிழமை வகுப்புக்கு, ஒருத்தி மாதிரி வினாத்தாள் வகுப்புக்கு, ஒருத்தி அந்த மாதிரி வினாத்தாளை விளங்கப்படுத்தும் வகுப்புக்கு. எழுந்தவர்களின் புருஷன்மாரெல்லாம் ஆண்கள் பக்கத்தில் இருந்து, சொல்லி வைத்ததுபோல் என்னைப் பார்த்தார்கள். நான்தான் தொடங்கி வைத்தேனாம். அழகரெத்தினம் எழுந்து கை கூப்பினார். "சேர், இவங்க சொல்றதெல்லாம் என்ட கடையில இருக்கிறதுதான். ஆனா நான் ஒருத்தரையும் பலகையில போடச் சொல்லல்ல. நீங்க ஏன் போடுறீங்க? எனக்கும் பொம்பிளப் பிள்ளையள் இருக்கு" என்றார். அதற்கு உங்கள் நகலில் பதில் இல்லை மச்சான், அதிபர் ஒற்றையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

கடைசியில் அப்னாவின் வகுப்பாசிரியை சுலோஜனா ரீச்சர்தான் காப்பாற்றினார். காரைதீவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திய குரலில், "இது நகை அடைவு இல்ல, படிப்பு அடைவு. பிள்ளை எவ்வளவு தூரம் அடைஞ்சிருக்கு எண்டு பாக்கிறது. எட்டுறது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ" என்று விளக்கினார். எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்க முடியுமா? மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது ஒவ்வொரு புருஷனும் ஒவ்வொரு பெண்ணும் இடையில் ஒரு லொறி போகிற இடைவெளி விட்டுத்தான் நடந்தார்கள்.

நாங்களும் அப்படித்தான் நடந்தோம். பாதி வழியில் நான், "என்னட்டக் கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டா இல்லண்டுதானே சொல்லுவீங்க."

"நீ கேக்கல்லயே."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்கதானே."

வட்டி ஹராம் என்று தெரியாதா, போன கிழமை ஜும்ஆவிலும் அதைத்தானே சொன்னார்கள் என்று கேட்டேன். நின்றுவிட்டாள். "தெரியும். மத்தப் புள்ளயள் எல்லாம் கிளாசுக்குப் போகக்குள்ள நம்மட புள்ள மட்டும் கேற்றப் புடிச்சிட்டு நிண்டு பாக்குமே, அதயும் ஹராமெண்டு ஒரு பயான்ல சொல்லச் சொல்லுங்க" என்றாள். உங்கள் தங்கையின் நியாயங்கள் எல்லாம் இப்படித்தான், குறுக்கே நின்றுகொள்ளும், சுற்றிப் போகவும் விடாது.

இதெல்லாம் போகட்டும். அட்டியலை எப்படியாவது மீட்டுக்கொள்ளலாம், அது என் பாடு. நான் எழுத வந்தது கூட்டத்துக்குப் பிறகு அப்னா எழுதிய பரீட்சையைப் பற்றி. உங்கள் மருமகளை உங்களுக்குத் தெரியும். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவர் பிழையாகச் சொன்னால் இங்கிருந்து திருத்துகிறவள். என் கடைப் பலகையில் "சீமேந்து" என்று எழுதியிருந்ததை, வாடிக்கையாளர் முன்னிலையில் வாசித்துக் காட்டி என்னை வெட்கப்படுத்தியவள். கணக்கென்றால் சொல்லவே வேண்டாம், நான் கால்குலேட்டரைத் தேடி எடுப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு உங்கள் பரீட்சையில் என்ன வந்தது தெரியுமா? "மட்டம் ஒன்றுக்குக் கீழ்." மட்டம் ஒன்றுகூட இல்லை மச்சான், அதற்கும் கீழே. எனக்கு மட்டம் என்றால் சுவர் நேராக இருக்கிறதா என்று மேசன்மார் வைத்துப் பார்க்கிற ரசமட்டம்தான் தெரியும். கடையில் விற்கிறேன். அதற்குக் கீழே ஒன்று இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு கேள்வியாவது சரியாக வந்திருந்தால் விட்டுவிடுவேன். ஒன்றுகூட இல்லை. விடைத்தாளில் எல்லாக் கேள்விக்கும் நாலு விடையில் ஒன்றுக்குப் புள்ளடி போட்டிருக்கிறாள், எல்லாம் பிழை. கண்ணை மூடிக்கொண்டு புள்ளடி போட்டாலும் இரண்டொன்று தானாகச் சரிவரும். என் கடைக்கு வரும் ஆடு ஏறி மிதித்தாலும் வரும். ஆகவே விடைத்தாள் திருத்துகிற உங்கள் இயந்திரம் பழுது என்பது என் முடிவு. சுலோஜனா ரீச்சரிடம் போனேன். அவர் கண் கலங்கிப் போயிருந்தார். "வகுப்பில மத்தப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறதே இவதான் நானா. எனக்கு ஒண்டும் விளங்கல்ல. நான் படிப்பிச்சது பிழையோ எண்டு யோசிச்சு யோசிச்சுச் சாப்பாடும் இறங்கல்ல" என்றார். உங்கள் சட்டத்தில் ஆசிரியரின் அடைவுக்கும் ஒரு பந்தி இருக்கிறதாம். அவருக்கு அந்தப் பயமும்.

பிறகு பலகை. திங்கட்கிழமை ஒட்டினார்கள். கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். அடியில், கடைசியில், தெளிவான எழுத்தில், அ.ஹ. அப்னா. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பி நின்று, முதுகால் அந்தப் பெயரை மறைத்துக்கொண்டு, யாருக்கோ காத்திருப்பவனைப்போல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் நுஸ்ரத்தின் புருஷன் வந்தார். வாசித்தார். என் பக்கத்தில் அவரும் திரும்பிச் சாய்ந்துகொண்டார். இன்னொருவர் வந்தார், உயரம் குறைவு, அவருடைய மகனின் பெயர் மேலே இருந்ததால் தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். இடைவேளை மணி அடிக்கும்போது பலகையில் ஓர் எழுத்தும் தெரியாதபடி வாப்பாமார் வரிசையாக நின்றோம். முஹ்ஸின் சேர் வந்து, "என்ன, பலகை விழப் போகுதா?" என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் எங்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு இதில் பெரிய வேதனை அப்னாதான். அவள் அழவில்லை மச்சான். அழுதிருந்தால் ஆறுதல் சொல்லலாம். இடைவேளைக்கு வந்தவள், "வாப்பா, கொஞ்சம் விலகுங்க" என்று என்னைத் தள்ளிவிட்டு, தன் பெயரை விரல் வைத்து வாசித்துவிட்டு, சிரித்துக்கொண்டு போனாள். வீட்டிலும் நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள், பாட்டுப் பாடிக்கொண்டு குளிக்கிறாள். ஜுனைதா பயந்துபோய், பிள்ளைக்கு மூளை கலங்கிவிட்டது என்று லெப்பையிடம் கூட்டிப் போய்த் தண்ணீர் ஓதிக் கொடுத்தாள். பிள்ளை அந்தத் தண்ணீரையும் சிரித்துக்கொண்டே குடித்தாளாம். கெட்டிக்காரப் பிள்ளை, மடைச்சி என்று பலகையில் ஏறி, அதையும் விளங்கிக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு திரிவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. பெற்ற வயிறு என்பார்கள், வாப்பாவுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது.

ஆகவே உங்களை மன்றாடிக் கேட்பது இதுதான். அந்தப் பலகைப் பந்தியை நகலிலிருந்து வெட்டிவிடுங்கள், அப்னாவின் பெயரைத் தவணை விடுமுறைக்கு முன்னம் இறக்க வழி பாருங்கள். இயந்திரத்தைத் திருத்தி அவள் விடைத்தாளை மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அடைவு என்ற சொல்லையும் எடுத்துவிட்டு எட்டு, தொடு, பிடி, எதையாவது போடுங்கள். இதில் ஒன்றும் முடியாவிட்டால் குறைந்தது அழகரெத்தினத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதமாவது எழுதுங்கள், என் பெயின்ட் வியாபாரம் பிழைக்கும்.

மதினிக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு எங்கள் துஆ. உங்கள் பதவியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, பதவி உயர்ந்து வேறு பகுதிக்கு மாற்றமும் தருவானாக, ஆமீன். கடிதத்தில் ஏதும் கூடக் குறைய எழுதியிருந்தால் களைப்பில் எழுதியது என்று மன்னித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மேற்படி அடைவு தொடர்பில் பொறுப்புக்கூற வேண்டிய பெற்றோர்,
அபுல் ஹஸன்.

பிற்குறிப்பு: சனிக்கிழமை காலை. உறையை ஒட்டியாயிற்று. என் கையெழுத்து தபால்காரருக்கு விளங்காது என்று, விலாசம் எழுத அப்னாவிடம் கொடுத்தேன். எழுதிக்கொண்டே, "வாப்பா, இது என்ட அடைவப் பத்தியா?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

"எவ்வளவுக்குக் குறைஞ்சிரிக்கி?"

"அடியோட போயிட்டு மகள்."

"அப்ப உம்மாட அட்டியல எப்ப தருவாங்க?"

எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன். உம்மாவோடு அந்தக் கடைக்கு இவளும் போயிருக்கிறாள். அதே அட்டியலுக்கு இன்னும் காசு கேட்டு இரண்டாம் தரம் போனபோது அழகரெத்தினம், "அடைவு கூடிப் போச்சு பிள்ள, இதுக்கு மேல தர ஏலாது. அடைவக் குறைச்சாத்தான் நகை வீட்டுக்கு வரும்" என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் அடைவு என்று வந்திருக்கிறது. "நான் குறைச்சிட்டன்தானே வாப்பா" என்றாள். பரீட்சையில் விடை ஒன்றும் தெரியாதா என்று கேட்டேன். "எல்லாம் தெரியும். பிழையாப் போடுறதுதான் கஷ்டம். சரியானத முதல்ல கண்டுபிடிச்சாத்தானே அது இல்லாததப் போடலாம்" என்றாள்.

மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள் மச்சான். இயந்திரம் பழுதில்லை. ரீச்சர் படிப்பித்ததும் பிழையில்லை. அன்றைக்கு மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்லியாயிற்று, பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லப் போனேன், வாய் வரவில்லை, அவள் அவ்வளவு சந்தோசமாக இருக்கிறாள். மாமாவிடம் கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். சட்டத்தை உங்கள் விருப்பப்படி செய்துகொள்ளுங்கள். பிள்ளைக்கு மட்டும் ஒரு பதில் எழுதுங்கள், அவளுக்கு விளங்குகிற தமிழில்.